பட்டுப்புடவை மடிப்பில் மாத்திரைகள்

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்ததும் எனக்கு உயிர்ப்பயம் பிடித்துக்கொண்டது. எது யாருக்கு என்று சொல்லிவிடலாமென மருமகளை அழைத்து பீரோவைத் திறந்தேன்.

"இந்த ஊதாப் பட்டு உனக்கும்மா" என்றேன், கண் கலங்க.

அவள் பிரித்ததும் மடிப்பிலிருந்து சர்க்கரை மாத்திரை அட்டைகள் கொட்டின. மாதாமாதம் கணவர் அரக்கோணத்திலிருந்து வாங்கிவந்தவை. போட்டால் தலைசுற்றுகிறதென்று சாப்பிடாமல் நான்தான் ஒளித்துவைத்திருந்தேன். பயத்தில் அது நினைவிலேயே இல்லை.

"இன்னா அத்தே இது? டாக்டராண்ட தினம் சாப்பிட்டுகினு இருக்கேன்னு சொன்னீங்களே!"

ஆமாம், சொன்னேன். சர்க்கரை கூடுதலாக இருக்கிறதே என்று டாக்டர் கேட்டதற்கு, கிருத்திகைக்கு முருகன் மலைக்கோயிலுக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் சாப்பிட்டதாகச் சமாளித்தேன்.

அன்றே மருமகள் என்னை டாக்டரிடம் இழுத்துப் போய் உண்மையைச் சொல்லவைத்தாள்.

"நல்லவேளை சொன்னீங்க. இப்படியே ஆபரேஷன் பண்ணியிருந்தா புண்ணு ஆறாம சீழ் புடிச்சிருக்கும்" என்று அவர் தேதியைத் தள்ளிவைத்தார். சர்க்கரை இறங்கிய பிறகே ஆபரேஷன் நடந்தது. முருகன் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன்.

இப்போதெல்லாம் மாத்திரை டப்பா டி.வி. பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது. மருமகள் எதிரில் விழுங்கிவிட்டுத்தான் டிபன்.

"அத்தே, அந்தப் பட்டு எனக்குன்னீங்களே?" என்று சிரிக்கிறாள்.

"இரும்மா, நான் கட்டிக் கிழிச்சப்புறம் தரேன்."