அம்பயருக்குக் கேட்காத பாட்டு

கள்ளிக்குப்பம் பெண்கள் கபடி அணிக்கு நான் கேப்டனாக இருந்தேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு பேக்கிங் வேலை பார்த்த தோழிதான் எங்கள் ரெய்டர். ஷிப்ட் முடிந்து, கழுவியும் போகாத பசை நாற்றத்தோடு நேராக மைதானத்துக்கு வருவோம்.

பூந்தமல்லியில் நடந்த ஒரு போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரில், போட்டியை நடத்தியவர்களின் சொந்த அணி. அம்பயர் அந்தப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எங்களை, பனியன் நம்பரைச் சொல்லி.

முதல் பாதியில் தோழி இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, கபடி கபடி என்று பாட்டை விடாமல் கத்திக்கொண்டே நடுக்கோட்டில் வந்து விழுந்தாள். அம்பயர் விசில் ஊதினார்.

"பாட்டு விட்டுட்ட. அவுட்."

ரோட்டில் போனவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும் அவள் குரல்.

ஆட்டம் முடியும் நேரத்தில் அவர்கள் ரெய்டர் எங்கள் பக்கம் வந்தாள். அவள் இடுப்பு என் பிடியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டை நோக்கி இழுத்தாள். வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. விரல் நுனி கோட்டில் பட்டதும் அம்பயர் அவர்களுக்குப் புள்ளி கொடுத்தார்.

"சார், அவ வாயே தொறக்கல சார்! எங்க பொண்ணு கத்துனது கேக்கல, இது மட்டும் எப்டி கேட்டுச்சு?"

"எனக்குக் கேட்டுச்சு. வெளிய போ."

தோற்றோம். தோழி அழவில்லை. முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "இன்னாத்துக்குடி ஆடினோம்?" என்றாள். நாங்கள் யாருக்கும் கை கொடுக்காமல் கிளம்பினோம். ஒழுக்கமில்லாத டீம் என்று சொல்லி அடுத்த வருடம் எங்களைச் சேர்க்கவில்லை. அவள் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள். அணி கலைந்தது.

போன வருடம் ஆவடி ஸ்டேஷனில் அந்த அம்பயரைப் பார்த்தேன். பக்கத்தில் போய் ஆட்டத்தை நினைவுபடுத்தினேன். கொஞ்சம் யோசித்தார்.

"அதுவா! அவங்க ஏரியா மேட்ச்மா. அவங்கள தோக்க வுட்டுட்டு நான் எப்டி ஊட்டுக்கு வர்றது?" சிரித்தார். "இன்னும் ஆடிக்கினு கீறியா?"

"இல்ல சார்."

தெரியாமல் தவறிவிட்டது என்று சொல்லியிருந்தால்கூடப் பாதிக் கோபம் ஆறியிருக்கும்.

ரயில் வந்தது. முந்தி ஏறிய அம்பயர், பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்து, "வாம்மா, உக்காரு" என்றார்.

அம்பத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.