கைப்பிடியோடு நின்றவள்

சாயிராவுக்குப் போன் என்றால் உயிர். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே பட்டறை, மேலே வீடு, இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்பு ஏணி. பட்டறையில் அவள் கணவர் ஜஹாங்கீர் பைகள் தைப்பார். தைத்து வரும் பைகளில் நூல் நறுக்குவதும் ஜிப் ஓடுகிறதா என்று இழுத்துப் பார்ப்பதும் சாயிராவின் வேலை. வேலைக்கு நடுவே டீ குடிக்கிற நேரமெல்லாம் போனில் ஏதாவது தேடிக்கொண்டிருப்பாள்.

மொராக்கோவில் ஆடுகள் மரத்தில் ஏறி நின்று கொட்டை தின்னும் வீடியோ, பனிக்கட்டியை அறுத்து வீடு கட்டும் மனிதர், கண்ணை மூடிக்கொண்டு பரோட்டா வீசும் மாஸ்டர், வாழைப்பழத்துக்குள் ஊசி விட்டுத் தோலை உரிக்காமலே துண்டு போடும் வித்தை. எது கிடைத்தாலும் குடும்பக் குரூப்பில் போடுவாள். சும்மா போடமாட்டாள். கூடவே தன் குரலில் ஒரு வார்த்தை பேசி அனுப்புவாள். "இந்த ஆட்டுக்கு இருக்கிற தைரியம் நம்ம ஏணியில ஏற எனக்கு இல்ல, பாத்துக்கிடுங்க" என்பாள். மேலப்பாளையத்தில் இருக்கும் நாத்தனார் ஃபர்ஸானா அந்தக் குரலுக்காகவே காத்திருப்பாள். ஒரு நாள் எதுவும் வரவில்லையென்றால், "மைனி, மேலுக்குச் சரியில்லையா?" என்று கூப்பிட்டுவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மழைக்காலம் அது. குர்லாவில் புதிதாக ஒரு கடைக்காரர் ஜஹாங்கீரிடம் பள்ளிக்கூடப் பைகள் கேட்டிருந்தார். மாதிரி பார்த்துப் பிடித்தால் வருஷம் முழுக்க வேலை. ஜஹாங்கீருக்குக் காய்ச்சல். மாதிரிகளையெல்லாம் ஒரு பெரிய பைக்குள் அடுக்கிச் சாயிராவே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தப் பெரிய பையும் அவர் தைத்ததுதான்.

குர்லா ஸ்டேஷனில் இறங்கும்போது ஏறுகிற கூட்டம் உள்ளே தள்ளியது. சாயிரா இறங்கிவிட்டாள், பை இறங்கவில்லை. யார் யார் கால்களுக்கிடையிலோ மாட்டிக்கொண்டது. அவள் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். ரயில் நகர்ந்தது. பையும் ரயிலோடு போயிற்று, கைப்பிடி மட்டும் அவள் கையில் நின்றது.

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். போகிற ரயிலைப் பார்த்தாள். மறுபடி கைப்பிடியைப் பார்த்தாள். முக்காடு நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. யாரிடம் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியாமல், பம்பாய் இந்தியில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"பஸ்? இத்னாயிச்?"

அவ்வளவுதானா, இம்புட்டுத்தானா என்று அர்த்தம்.

தண்டவாளத்தில் தண்ணீர் ஏறுவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவனின் போனில் இது பதிவாகியிருந்தது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு முழுக்க அவள் பையைத் தேடி அலைந்தாள். அடுத்த ஸ்டேஷனுக்குப் போனாள், ரயில்வே போலீஸிடம் சொன்னாள், மறுநாளும் போய்க் கேட்டாள். பை கிடைக்கவில்லை. மாதிரி இல்லாததால் கடைக்காரர் வேறு ஆளிடம் போய்விட்டார்.

வீடியோ அவள் வீட்டுக்குள் வந்தது மகள் பரீஹா மூலமாக. கல்லூரித் தோழி ஒருத்தி அனுப்பியிருந்தாள். 'சம்பளம் வந்ததும் நான்' என்று மேலே எழுதியிருந்தது. பரீஹா சிரித்தாள். பிறகு போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"உம்மா, இங்க வாங்க. இது நீங்களா?"

சாயிரா பார்த்தாள். முதலில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. தன் முகம் அப்படி ஆகும் என்று அவளுக்கே தெரியாது. பட்டறையிலிருந்து ஏறி வந்த ஜஹாங்கீரிடமும் பரீஹா காட்டினாள். அவர் ஒரு தடவை பார்த்தார். வந்த வழியே கீழே இறங்கிப் போனார்.

அந்த வாரத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. பரீட்சை மார்க், ஹோட்டலில் வைக்கும் சட்னி, நகராட்சி போட்ட ரோடு, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பலகாரம், எல்லாவற்றுக்கும் சாயிராவின் முகம் பொருந்தியது. யாரோ அவளை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் ஸ்டிக்கராக்கினார்கள். கையில் கைப்பிடி, கீழே 'இத்னாயிச்?' என்ற எழுத்து. குடும்பக் குரூப்பிலும் அது வந்தது. போட்டவன் ஃபர்ஸானாவின் மகன். யார் முகம் என்று தெரியாமல் போட்டானா, தெரிந்துதான் போட்டானா என்று சாயிரா கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் குரூப்பில் எதையும் அனுப்பவில்லை.

சந்துக்குள் முதலில் அது பெருமையாகத்தான் இருந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் சிரித்தபடி வழிவிட்டார்கள். மீன்காரி தராசில் இரண்டு வாளையை வைத்துவிட்டு, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாயிரா அந்த வார்த்தையைச் சொல்லவேண்டும். சொன்னாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மறுநாளும் சொல்லச் சொன்னார்கள். ஆட்டோக்காரர் மீட்டர் போடுவதற்கு முன் கேட்டார். ரயிலில் காலேஜ் பெண்கள் அவள் தோளில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, "ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை" என்றார்கள். சொல்லாவிட்டால், "என்ன ஆன்ட்டி, இவ்ளோ பந்தா" என்றார்கள்.

முகத்தை மூடிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அதுவரை அவள் முக்காடு மட்டும்தான் போட்டிருந்தாள். முகத்தை மூடினாலும் குரல் காட்டிக்கொடுத்தது. பேச்சைக் குறைத்தாள். கடையில் வேண்டியதை விரலால் காட்டி வாங்கினாள். பிறகு கடைக்கும் பரீஹாவே போனாள். சாயிரா மேலே உட்கார்ந்து நூல் நறுக்கினாள். நறுக்க வேண்டிய பைகளைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வாள், முடித்ததும் கயிற்றிலேயே இறக்குவாள். மேலே நிமிர்ந்து நின்றால் தகரம் தலையில் இடிக்கும். மழை போய் வெயில் வந்தபோது தகரம் காய்ந்தது, அப்போதும் அவள் வேலைக்குக் கீழே வந்து உட்காரவில்லை.

"எடுத்துர முடியாதாட்டி?" என்று மகளிடம் கேட்டாள்.

"ஒரு எடத்துல எடுத்தா நூறு எடத்துல இருக்கும்மா. யார்கிட்டன்னு போய்ச் சொல்ல?"

"மொதல்ல எடுத்தவன்கிட்ட."

பரீஹா விசாரித்துக் கண்டுபிடித்தாள். ராஹில் என்று பெயர். குர்லாவில் ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் வேலை. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அவனுக்குத் தமிழ் அரையும் குறையுமாகத்தான் வந்தது. இரண்டு பேரும் போய் நின்றபோது சாயிரா முகத்துணியை விலக்கினாள். அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"ஆன்ட்டி, மாஃப் கரோ, மன்னிச்சுடுங்க. நான் தண்ணிய எடுத்துட்டு இருந்தேன். நீங்க நடுவுல வந்துட்டீங்க."

"நான் வந்தேனா?"

"இல்ல, அப்படி இல்ல. ஃப்ரெண்டுக்கு மட்டும்தான் அனுப்புனேன். குதா கசம், சத்தியமா."

அவர்கள் கண் முன்னாலேயே தன் போனிலிருந்து வீடியோவை அழித்தான். அழித்த இடத்தையும் திறந்து காட்டினான். பிறகு கொஞ்சம் தயங்கி, "என் அம்மாவே எனக்கு உங்க ஸ்டிக்கர் அனுப்புறாங்க ஆன்ட்டி. நான் எடுத்ததுன்னு சொன்னா நம்பமாட்டேங்கிறாங்க" என்றான்.

அவன்மீது கோபப்படவும் சாயிராவுக்கு வழியில்லாமல் போயிற்று. திரும்பி வரும்போது, எதிர் சீட்டில் ஒரு பெண் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அடுத்த ரயில் பிடிக்கலாம் என்று சாயிரா மகளின் கையை இழுத்தாள்.

இதற்கிடையில் ஜஹாங்கீர் அவளிடம் பேசுவதையே குறைத்திருந்தார். சாப்பாடு, மருந்து, கரண்ட் பில், அவ்வளவுதான். ஊர் முழுக்கத் தன் பெண்சாதி முகம் சுற்றுவது அவருக்குப் பொறுக்கவில்லை என்று அவள் நினைத்தாள். அவர் முன்னால் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு மத்தியானம் தண்ணீர் கொடுக்கக் கீழே இறங்கியபோது அவர் தைத்து முடித்த பைகளின் கைப்பிடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்த இடத்திலேயே திரும்பவும் தைத்தார். மூன்று வரிசைத் தையல்.

"நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்குப் பிரிக்கிய?"

அவர் நிமிரவில்லை. "அந்த மாசம் விலை கொறஞ்ச நூலு வாங்கிட்டேன். அதான் அறுந்துட்டு. அந்த வீடியோவப் பாக்கிற ஒவ்வொருத்தனும் கைப்பிடி அறுந்ததத்தான் பாக்கான். என் தையலத்தான் பாத்துச் சிரிக்கான்."

"கைப்பிடியவா?"

"பின்ன? உன் மூஞ்சிய எவன் பாக்கப் போறான்."

ஆறுதலாக நினைத்துத்தான் அவர் சொல்லியிருக்கவேண்டும். சாயிரா செம்பைக் கீழே வைத்தாள். ஏணியில் ஏறி மேலே போனாள். ஊரெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் மட்டும் பார்க்கவில்லை. இத்தனை மாதமாகத் தன்னை நினைத்துத்தான் அவர் வாய் மூடியிருக்கிறார் என்று அவள் எண்ணியது தப்பு. அன்று கை வலித்ததா, தடுமாறி விழுந்தாளா என்று அவரும் கேட்டதில்லை. அன்றிரவு அவர் சோற்றில் உப்பு இல்லை என்றபோது அவள் உப்பு டப்பாவை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. நூலைப் பார்த்துப் பார்த்து வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று பரீஹா பிடிவாதம் பிடித்தாள். பரீஹாவுக்கு அன்று பரீட்சை. சாயிரா முகத்தை மூடிக்கொண்டு தனியாகப் போனாள்.

பெயர் கூப்பிடும்வரை உட்காரப் போட்டிருந்த பெஞ்சில், பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். அவளைவிடக் கொஞ்சம் இளையவள். கசங்கிய காட்டன் புடவை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. போனில் தங்கையிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தவள், சாயிரா பார்ப்பதைக் கண்டாள்.

"நீங்க தமிழா?"

சாயிரா தலையை ஆட்டினாள்.

"என் பேரு ரஞ்சனா. செம்பூர்ல இருக்கோம். அம்மாவை மேல வார்டுல சேர்த்திருக்கு. மாடி ஏறிப் போய் நின்னா அஞ்சு நிமிஷம்தான் பார்க்கவிடறா. அம்மா கண்ணைத் தொறக்கறதுக்குள்ள வெளில போங்கோன்னுடறா." சொல்லிக்கொண்டே போனில் எதையோ தட்டினாள். அனுப்பிவிட்டுச் சட்டென்று சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. "என் தங்கைக்கு இதைத்தான் அனுப்பினேன். பாருங்கோ."

சாயிராவின் முகம் அவள் போனில் நின்றது.

"இவ யாருன்னு தெரியாது. ஆனா இந்த ஒரு வாரமா நாங்க ரெண்டு பேரும் இவளை வெச்சுத்தான் தாக்குப்பிடிக்கறோம். எது நடந்தாலும் இவளை அனுப்பிடறது."

சாயிராவுக்கு எழுந்து போய்விடத் தோன்றியது. எழுந்தால் இடம் போய்விடும், பெயர் கூப்பிட்டால் கேட்காது. அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் குரல் அவளை மீறி வந்தது.

"அந்தப் பையில ஸ்கூல் பையெல்லாம் இருந்துச்சு. மாதிரி காட்டதுக்குக் கொண்டு போனது."

ரஞ்சனா திரும்பினாள். துணிக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"பை கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் சாயிராவிடம் கேட்டதில்லை. மீன்காரி கேட்கவில்லை, ரயில் பெண்கள் கேட்கவில்லை, ஃபர்ஸானா கேட்கவில்லை.

"இல்ல," என்றாள். "ரெண்டு நாளு தேடுனேன். கெடைக்கல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சலில் படுத்திருந்த புருஷன், ரயில்வே போலீஸ், போன வேலை, கயிற்றில் ஏறி இறங்கும் பைகள். ரஞ்சனா நடுவில் குறுக்கிடவில்லை. மன்னிப்பு கேட்கவுமில்லை. பெயர் கூப்பிட்டபோது, "நான் இங்கயேதான் இருப்பேன், பார்த்துட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னாள். சொட்டு மருந்துச் சீட்டோடு சாயிரா வெளியே வந்தபோது அவள் அங்கேயே இருந்தாள்.

ரஞ்சனாவின் அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கையிடமும் சொல்லிவிட்டதாகவும், இருவரும் அந்த ஸ்டிக்கரை எடுத்துவிட்டதாகவும் ரஞ்சனா போனில் சொன்னாள். லட்சம் பேரில் இரண்டு பேர் என்று சாயிரா நினைத்துக்கொண்டாள். ஆனால் செம்பூருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டபோது மறுக்கவில்லை.

தள்ளிப் போட்டுப் போட்டு, போன மாதம்தான் போனாள். மூன்றாம் மாடி வீடு. உள்ளே போனதும் ரஞ்சனா கதவைச் சாத்தினாள். சாயிரா முகத்துணியை எடுத்துப் பக்கத்தில் மடித்து வைத்தாள். ரஞ்சனாவின் அம்மா நாகலக்ஷ்மிக்குப் போன் பார்க்கும் பழக்கமே கிடையாது. சாயிராவின் முகத்தை நேராகப் பார்த்து, "கண்ணு செவந்திருக்கே, மருந்து விட்டுக்கறயோ?" என்று கேட்டார். பரீஹா என்ன படிக்கிறாள், மழையில் தாராவியில் தண்ணீர் நிற்குமா, கைப்பை ஜிப் போய்விட்டால் மாற்ற முடியுமா என்று கேட்டார். சாயிரா ஜிப்பை இழுத்துப் பார்த்து, மாற்றித் தருவதாகச் சொன்னாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு தடவை காபி குடித்தாள்.

வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது, கூடவே இன்னும் யாரோ. சாயிராவின் கை தானாகத் துணியை எடுத்தது. முடிச்சுப் போட்டு முடித்தபோதுதான் ரஞ்சனா கதவைத் திறக்கவே இல்லை என்று கவனித்தாள். அவள் கதவருகில் நின்று, அப்புறம் வரச்சொல்லி உள்ளிருந்தபடியே பேசிக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டா," என்றாள் திரும்பி வந்து. "நீங்க எடுத்துடலாம்."

"இருக்கட்டும்," என்றாள் சாயிரா. "எப்படியும் கெளம்பணும்லா."

நாகலக்ஷ்மியின் கைப்பையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டாள். ரஞ்சனா கீழே வரை வந்து ஆட்டோ பிடித்தாள். எங்கே போகவேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். சாயிரா வாயைத் திறக்கவில்லை. ரஞ்சனாதான் குனிந்து, தாராவி என்று சொன்னாள்.