ரோஜாக் குச்சிக்கு ஒரு சிட்டிகை

அறுபதுகளில் நான் கொடைக்கானலில் ஒரு நாற்றுத் தோட்டத்தில் தினக்கூலி. ஒரு நாள் அதிகாரி வெள்ளைப் பொடி டப்பா ஒன்றைக் கொடுத்தார். வேர்விட வைக்கும் ஹார்மோனாம். ஐம்பது ரோஜாக் குச்சிகளைப் பொடியில் தொட்டு நட வேண்டும். ஐம்பதைச் சும்மா நட வேண்டும்.

"இது நல்லா வந்துச்சுன்னா உன் வேலைய நிரந்தரம் பண்ண எழுதுறேன்" என்றார்.

அப்புறம் சும்மா இருப்பேனா? துளிக்கே வேர் வருமென்றால் அள்ளிப் போட்டால் என்ன வராது! பஜ்ஜி மாவில் வாழைக்காயைப் புரட்டுவது போலப் புரட்டி நட்டேன்.

மதியம் சோறு கொண்டுவந்தாள் என் மனைவி. பழனி அடிவாரத்தில் விபூதிக் கடை வைத்திருந்த வீட்டுப் பெண். வெள்ளை பூசிய வரிசையையும் சும்மா நட்ட வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த வரிசை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? பாழ் நெத்தியாக் கெடக்கே!"

நான் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் முந்தானையில் முடிந்திருந்த விபூதியை எடுத்து, மிச்ச ஐம்பதையும் பிடுங்கி, அடியில் பூசி, திரும்ப நட்டுவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன். அதிகாரியிடம் மூச்சு விடவில்லை.

ஆறு வாரம் கழித்து அவர் வந்து பிடுங்கிப் பார்த்தார். என் வரிசை அடி கறுத்து, வீங்கி, ஒரு வேர் இல்லை. அவள் வரிசையில் வெள்ளை வெளேரென்று வேர். போச்சு, வேலை போச்சு! உண்மையைக் கொட்டிவிட்டேன்.

சிரிப்பார் என்று பார்த்தால் திட்டினார். "வேருக்கு வேண்டிய ஹார்மோன் குச்சிக்குள்ளேயே சுரக்குதுய்யா, அது பரம்பரைக் குணம். துளி சேத்தா வெரசா வேர் விடும். அள்ளிக் குடுத்தா அதே ஹார்மோன் வேர வரவிடாம அடச்சிரும்!"

அப்போது சோற்றுத் தூக்கோடு அவள் வந்து நின்றாள்.

"நீ எம்புட்டும்மா வச்ச?"

"ஒரு சிட்டிகைங்க. விபூதிய யாராச்சும் அள்ளி அப்புவாங்களா?"

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னொரு தடவை நடுய்யா. பொடிய இந்தம்மா வைக்கட்டும்."

வைத்தாள். வேர் தாடி மாதிரி தொங்கியது. எனக்கு வேலை நிரந்தரமானது. உத்தரவை வாசிக்கச் சொல்லிக் கேட்டவள், "வச்சது நானு, பேரு மட்டும் உங்களுதா?" என்றாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓய்வு பெறும்வரை அந்தப் பொடி டப்பாவை நான் திறந்ததே இல்லை. சோறு வரும்வரை காத்திருப்பேன்.