முப்பது அடிக்குப் பதினான்கு கிலோமீட்டர்

எங்கள் ஷிமோனோ கிராமத்தில் பத்தொன்பது வீடுகள். ஊர்ச் சங்கத்தின் அறிவிப்புகள் பரீட்சை அட்டை மாதிரியான ஒரு பலகையில் செருகப்பட்டு வீடு வீடாகச் சுற்றும். படித்துவிட்டு, அல்லது படித்த பாவனையில், நம் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். குவாபரா ஷிகேனோரியின் வீடு ஆறாவது, என்னுடையது ஏழாவது. இரண்டு வாசலுக்கும் நடுவே முப்பது அடி. இந்த முப்பது அடியைக் கடக்க அவர் ஆறு ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்த வழியின் நீளம் பதினான்கு கிலோமீட்டர்.

அவரைச் சோம்பேறி என்று சொல்பவர்களின் நாக்கு அழுகட்டும். டவுன் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் மீட்டர் பார்த்தவர். பனியிலும் மழையிலும் சைக்கிளில் போய், யார் யார் வீட்டுக் கொல்லையிலோ குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள், எந்த மூடியையும் தூக்காமல் சைக்கிளில் சுற்றினால் எப்படி இருக்கும் என்று ஒரு சோதனைக்காகப் பார்த்தார். நன்றாக இருந்தது. அதுதான் சிக்கல்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இலையுதிர்காலம் என்பது அறுவடைக்காலம். ஊரே இடுப்பொடிய வேலை செய்யும்போது கைகால் நன்றாக உள்ள ஒரு மனிதர் காரணமில்லாமல் சைக்கிள் ஓட்டுவது, சட்டப்படி குற்றமில்லை என்பதால் மட்டுமே தண்டனை இல்லாமல் இருக்கிறது. ஆனால் முன்கூடையில் பலகை இருந்துவிட்டால் கதை வேறு. அப்போது அவர் ஊர்வேலையாகப் போகிறார். வயலில் இருப்பவர்கள் நிமிர்ந்து வணக்கம் சொல்வார்கள்; இவரும் பொறுப்பு மிகுந்த முகத்துடன் தலையசைப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை பலகை வரும். மனைவி கினுயோவின் மார்க்கெட் சைக்கிளில், மூன்று கியரில் இரண்டாவதைப் போட்டுக்கொண்டு, என் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போவார். வாய்க்கால் கரையோடு மேற்கே போனால், அறுத்த வயல்களில் நெற்கட்டுகளைக் கம்புகளில் ஏற்றி வைத்திருப்பார்கள். வைக்கோல் கோட்டு போட்ட ஆட்கள் எதற்கோ வரிசையில் நிற்பதுபோல் இருக்கும். சிவப்புத் தும்பிகள் அவருடைய கைப்பிடியில் உட்கார்ந்து சவாரி செய்யும்; அந்த வேகத்தில் அவற்றுக்கு எந்த அபாயமும் இல்லை. இதுவரை அவரை முந்தியவர்களில், தள்ளுவண்டியைப் பிடித்து நடந்த எண்பது வயதுப் பெண்மணி ஒருவரும் அடக்கம். பிறகு ஒரு ஏற்றம், இறங்கித் தள்ள வேண்டும். அதன் உச்சியில் கமினோ கிராமம். அங்கே ஒவ்வொரு தாழ்வாரத்திலும் தோல் சீவிய சீமைப் பனிச்சம்பழங்கள் சரம்சரமாகக் காயும். அவற்றைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது, அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான அலுவல்.

இந்த அக்டோபரில் பலகையில் வந்த அறிவிப்பு அவர் தலையில் இடியாக இறங்கியது. சங்கத் தலைவி ஹகமாதா எழுதியிருந்தார்: ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆற்றங்கரையில் வழக்கமான சேப்பங்கிழங்குக் குழம்பு விருந்து. கிண்ணமும் சாப்பிடும் குச்சியும் கொண்டுவரவும். விருந்துக்கு முன் ஒரு தீர்மானம்: பலகையை நிறுத்திவிட்டு, இனி எல்லா அறிவிப்பும் கைபேசியில்.

பலகை போனால் காரணம் போகும். காரணம் போனால் கமினோ போகும். இந்தக் கவலையோடுதான் அந்தச் செவ்வாய்க்கிழமையும் கிளம்பினார். கவலைப்படுகிறவர் கையில் பலகை இருக்கக் கூடாது. கமினோவில் ஒரு வீட்டு மதில்மேல் அதை வைத்தார். பழச்சரங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பலகையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

மாலையில் என் வாசலில் வந்து நின்றார். முகம் உரித்த வெங்காயம் மாதிரி இருந்தது.

"ஒகிட்சு-சான், ஒரு சின்ன விஷயம். பலகை... இன்னிக்கு வராது."

"வராட்டி என்ன. புதன்கிழமைக்கு முன்னால எனக்கு என்னிக்கு வந்திருக்கு?"

"இல்ல, கமினோல விட்டுட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தா மதில்மேல காணோம்."

"கமினோலயா? என் வீடு இங்கல்ல இருக்கு?"

"அதெல்லாம் இப்ப கேக்காதீங்க! தொலைஞ்சதுன்னு ஹகமாதா-சானுக்குத் தெரிஞ்சா, 'பாத்தீங்களா, இதுக்குத்தான் போன் வேணும்ங்கறேன்'னு சொல்வாங்க. எல்லாம் முடிஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நடந்தது இதுதான். மதில் வீட்டுக்காரி தோகாஷி தன் வாசல் மதில்மேல் ஒரு பலகையைப் பார்த்தார். வாசலில் பலகை கிடந்தால் ஒரு நல்ல குடிமகள் என்ன செய்வாள்? முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுப்பாள். கொடுத்தார். அடுத்த வீட்டாரும் நல்ல குடிமக்கள். எந்த ஊர்ப் பலகை என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அதைப் படித்திருக்க வேண்டும்.

புதன், வியாழன், வெள்ளி என மூன்று நாளும் குவாபரா கமினோவுக்குப் போனார். ஆனால் நேராகக் கேட்க முடியாதே! ஷிமோனோவின் பலகை இங்கே எப்படி வந்தது என்று யாராவது திருப்பிக் கேட்டால்? அதனால் சுற்றி வளைத்துப் பேசினார்.

"இந்த வருஷம் பழம் எப்படி அக்கா?"

"நல்லா இருக்கு, நாலு எடுத்துக்கோங்க. எங்க இந்தப் பக்கம்?"

"இங்கதான், சும்மா ஒரு வேலையா. புதுசா ஏதாவது வந்துச்சா, வீட்டுக்கு?"

"மருமக வந்திருக்கா. பாக்கறீங்களா?"

மூன்று நாளில் அறுபது பழங்களும் இரண்டு மருமகள்களின் அறிமுகமும் கிடைத்தன. பலகை எப்போதும் ஒரு வீடு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

ஞாயிறு வந்தது. அறிவிப்பைப் பாதி ஊர் பார்க்கவில்லை. இருந்தும் பத்தொன்பது வீடும் வந்திருந்தன. நாற்பது வருடமாக அதே ஞாயிறு, அதே குழம்பு. கல்லடுப்பில் பெரிய அண்டா ஏறியது. சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் சோயா சாற்றில் கொதிக்க ஆரம்பித்தன. ஹகமாதா தொண்டையைச் செருமினார்.

"முதல்ல தீர்மானம். பலகை எங்க? யார் கைல இருக்கு?"

குவாபரா ஆற்றைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன். அப்போது கரைமேல் ஓர் ஊர்வலம் தெரிந்தது. இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவர் கையிலும் கிண்ணம். முன்னால் தோகாஷி, இடுப்பில் ஒரு கட்டு வெங்காயத்தாளும் கையில் எங்கள் பலகையுமாக.

"யாருங்க நீங்கல்லாம்?" என்றார் ஹகமாதா.

"கமினோக்காரங்க. வர்றோம்னு முத்திரை குத்தியிருக்கோம். வராம இருக்க முடியுமா?"

"இது ஷிமோனோ விருந்தாச்சே!"

"அது கடைசி வீட்டுக்காரருக்குத்தான் தெரிஞ்சுது. அடுத்த வீடு இல்லாததால பாவம், படிச்சுட்டார். நாங்க யாரும் படிக்கலைன்னு வெளில சொன்னா ஊருக்கு அசிங்கம். அதான் எல்லாருமா வந்துட்டோம். இறைச்சியும் அரிசிமதுவும் கொண்டாந்திருக்கோம்."

இறைச்சி என்றதும் எங்கள் பக்கத்தில் எதிர்ப்பு கரைந்தது. ஹகமாதா மட்டும் கரையவில்லை.

"எங்க பலகை உங்க ஊருக்கு எப்படி வந்துச்சு?"

குவாபரா எழுந்தார். மீட்டர் எண்ணை வாசிக்கும் குரலில் சொன்னார்:

"நான்தான். ஆறு வருஷமா ஒகிட்சு-சான் வீட்டுக்குக் கமினோ வழியாத்தான் போறேன். அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல. சைக்கிள் ஓட்டப் பிடிக்குது. அவ்வளவுதான். மன்னிச்சுக்கோங்க."

இடுப்பு வளைய வணங்கிவிட்டு அப்படியே நின்றார். முதலில் பேசியது கினுயோ.

"ஏங்க, நிமிருங்க. முதல் வருஷமே எனக்குத் தெரியும். முப்பது அடி போறவருக்கா பிளாஸ்க்ல டீ ஊத்திக் குடுத்தேன்?"

"அட, நீங்கதானா அது!" என்றார் தோகாஷி. "பழத்தை உத்து உத்துப் பாப்பீங்களே, வேளாண்மைத் துறை ஆளுன்னுல்ல நினைச்சோம்! நீங்க வர்ற நாள்ல தாழ்வாரத்தைப் பெருக்கி வைப்போம்."

சிரிப்பு கரையேறி வாய்க்கால்வரை போயிருக்கும். ஹகமாதாவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், தலைவி என்பதால். பிறகு கையுயர்த்தச் சொன்னார். கைபேசிக்கு ஆதரவாக இரண்டு கைகள். ஒன்று அவருடையது. மற்றது பன்னிரண்டாம் வீட்டுக்காரருடையது. கிண்ணம் பிடிக்கக் கை தேவைப்பட்டதால் அதுவும் இறங்கியது. கமினோக்காரர்களுக்கு வாக்கில்லை என்று முடிவானது, சாப்பாடு உண்டு என்றும். இருட்டும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

தீர்மானம் இப்படிப் பதிவாகியிருக்கிறது: "பலகை தொடரும். குவாபரா அதை முதலில் ஏழாம் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் அவர் காரணம் ஏதுமின்றிச் சுற்றலாம்." கீழே பத்தொன்பது முத்திரைகள். எல்லோரும் படித்துவிட்டுக் குத்தினார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த செவ்வாய், ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்குப் பலகை என் கைக்கு வந்தது. வரலாற்றில் முதன்முறை. குவாபரா வெறுங்கூடையோடு, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு மேற்கே போனார். காற்றில் வைக்கோல் வாசனை. தூரத்து மலையின் நெற்றியில் முதல் பனி. எட்டாவது வீடு என் வாசலிலிருந்து நாற்பது அடி.

தீர்மானத்தில் என் பெயர் இல்லை. எனக்கென்று ஒரு காரணம் வேண்டாமா? கொட்டகையிலிருந்து சைக்கிளை எடுத்து, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து, பலகையைக் கூடையில் வைத்தேன். எட்டாம் வீட்டுக்காரர் பொறுமைசாலி.