பேரு மட்டும் இருக்கட்டும்

போன ஆவணியில், வெளியூரில் இருக்கும் ஓர் அறிவியல் பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. அங்கே போய் வந்ததிலிருந்து, கடையில் யாராவது பாத்திரத்தில் பேர் வெட்டச் சொன்னால் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பாத்திரக்கடை. கல்யாணச் சீருக்கும் புதுவீட்டுக்கும் சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் எங்களிடம்தான் வரும். வாங்கியதில் பேர் வெட்டிக் கொடுப்பது என் வீட்டுக்காரர் வேலை. பேர் வெட்டும் மெஷினைக் கடைப் பையன்களைத் தொடக்கூட விடமாட்டார். கல்லாவில் வேண்டுமானால் யாரையும் உட்கார வைப்பார், மெஷினை மட்டும் தர மாட்டார்.

எங்களுக்கு ஒரே மகள். சின்ன வயசிலேயே தசை மெலிந்துகொண்டே போகும் நோய் வந்து, ஒன்பதாவது படிக்கும்போதே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். கால்தான் ஓடவில்லையே தவிர, வாய் நன்றாக ஓடும். வேதியியல் என்றால் அவளுக்கு உயிர். ஒருநாள் பழைய செப்புக்குடத்தில் இருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, கம்பி நுனியில் ஒட்டி, கேஸ் அடுப்பில் காட்டினாள். நீலத் தீ பச்சையாக மாறியது. "இத்தனை வருஷமா செம்பு விக்கிறீக, அது பச்சையா எரியும்னு தெரியுமாப்பா?" என்று அவரைக் கேலி செய்தாள். அடுப்பைப் பாழாக்கிவிட்டாள் என்று நான் கத்தினேன். அவரோ மறுநாள் கடைக்கு வந்த ஆட்களிடமெல்லாம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி, நான் சொன்ன அந்தப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. சேர்க்கப் போனோம். ஆய்வகம் மாடியில் இருந்தது. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஏற, நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். உள்ளே போய் உட்கார வைத்தால், மேசை அவள் கழுத்து உயரத்துக்கு நின்றது. அங்கிருந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். மற்ற பிள்ளைகள் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று தன்மையாகச் சொன்னார்கள்.

"பாக்குறதுன்னா நான் செல்போன்லயே பாத்துக்கிறேம்ப்பா" என்று சிரித்தாள் அவள். அங்கே சேராமலே ஊர் திரும்பினோம். வீட்டில் இருந்தபடியே தபால் வழியில் பி.காம். படித்தாள். அது முடிவதற்குள், ஒரு மார்கழிச் சளி நெஞ்சில் இறங்கி, எங்களை விட்டுப் போய்விட்டாள்.

அவளுக்குக் கல்யாணம் நடக்காது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் அட்சய திருதியை வந்தால் அவளுக்கென்று நகை வாங்காமல் இருக்கமாட்டார். சீர்ப் பாத்திரங்களையும் ஒவ்வொன்றாக ஒதுக்கி, அவள் பேரை வெட்டிப் பரணில் ஏற்றுவார். "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்பாள் அவள். கல்யாணத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "அப்படியெல்லாம் சொல்லாத ஆத்தா" என்று அவர் பேச்சை மாற்றிவிடுவார். அவளும் நகையைப் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் அழகு காட்டுவாள்.

அவள் போன பிறகு அந்த நகையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, கோயிலுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் பந்தல்குடியில் இருக்கும் என் நாத்தனார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. "அந்த ஆய்வகத்தைக் கீழ எறக்கணும்" என்று ஒரே பிடியாக நின்றார். உடம்புக்கு முடியாத பிள்ளைகளும், வீட்டில் முதன்முதலாகப் படிக்க வரும் பிள்ளைகளும் அறிவியல் படிக்க அந்தப் பல்கலைக்கழகம் நன்கொடை சேர்த்துக்கொண்டிருந்தது. நகை முழுவதையும் விற்று அதில் கொடுத்தோம். மற்றவர்கள் கொடுத்ததும் சேர்ந்து, தரைத்தளத்தில் புதிதாக ஓர் ஆய்வகம் வந்தது. வாசலில் சாய்தளம், சக்கர நாற்காலி உள்ளே நுழையும்படி தாழ்வான மேசைகள், கைக்கு எட்டும் இடத்தில் கேஸ் குழாய்.

திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேசையில் மகள் பேரைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். இவர் கடை அடைத்த பிறகு உட்கார்ந்து, ஸ்டீல் தகட்டில் அவரே எழுத்து வெட்டினார். எங்கள் அன்பு மகள், அவள் பேர், தோற்றம், மறைவு, நினைவாக. கண்ணைத் துடைத்துத் துடைத்து வெட்டியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விழா அன்று அந்த மேசையில் முதலில் உட்கார ஒரு பெண் காத்திருந்தாள். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். மிளகாயும் மல்லியும் போடுகிற மானாவாரிக் குடும்பம். அவளும் சக்கர நாற்காலியில் இருந்தாள், அவளுடைய அப்பாவும் கூட வந்திருந்தார். எங்களுக்குக் காட்டுவதற்காக அவள் ஒரு கம்பியை எதிலோ தொட்டுத் தீயில் வைத்தாள். தீ பச்சையாக எரிந்தது. "செம்பு" என்றார் என் வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே. அந்தப் பெண் ஆச்சரியமாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது, என் வீட்டுக்காரரிடம் தகட்டை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். தேதிகளின்மேல் விரல் போய்ப் போய் வந்தது. எத்தனை வயசு என்று மனசுக்குள் கழித்துப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்த அக்காவுக்கும் எனக்கு இருக்கிற அதே நோய்தானாம்மா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை, அது என் மகளையே இல்லை என்று சொல்வதாகிவிடும். அவள் அப்பா சட்டென்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, "வா ஆத்தா, சாப்பாடு ஆறுது" என்று திருப்பப் பார்த்தார். அவள் பிரேக்கைப் போட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. ரொம்ப நாளாவே தெரியும்."

அந்த மனிதரின் கை கைப்பிடியிலேயே இருந்தது. அப்படியே தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் பதறிப்போய், "தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா. இங்கிட்டுக் குடு, இது வேணாம்" என்று தகட்டுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"தகடு வேணும் அங்கிள். தேதிதான் வேணாம். பேரு மட்டும் இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகுதான் அவரிடம் நீட்டினாள்.

மகளை விடுதியில் விட்டுவிட்டு, அவள் அப்பா எங்கள் காரிலேயே அருப்புக்கோட்டை வரை வந்தார். முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தவர், ஊர் நெருங்கும்போது சொன்னார்.

"அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான அண்ணாச்சி, நாங்க வீட்டுல சிரிச்சுச் சிரிச்சு நடிச்சுக்கிட்டு இருந்தோம். அவ எங்களுக்காக நடிச்சிருக்கா."

ஓட்டிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பின்சீட்டில் எனக்குத் திடீரென்று என் மகளின் குரல் கேட்டது. எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? அவள் கல்யாணத்தைச் சொல்லவே இல்லை. அதிக நாள் இருக்கமாட்டோம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒவ்வொரு வருஷமும் எங்களுக்காக அந்த நகையைப் போட்டு, கண்ணாடி முன்னால் சிரித்திருக்கிறாள். வண்டிக் கண்ணாடியில் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அதே நினைப்புதான் ஓடுகிறது என்று தெரிந்தது. இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அந்த மனிதர், "வாரேன் அண்ணாச்சி" என்று இவர் கையைப் பிடித்துவிட்டுத் திருச்சுழி பஸ்ஸைப் பார்த்துப் போனார்.

மறுநாள் இவர் புதுத் தகடு வெட்டி அனுப்பினார். தோற்றம் இல்லை, மறைவு இல்லை, நினைவாகவும் இல்லை. எங்கள் கடையில் உயிரோடு இருப்பவர்களின் பாத்திரத்தில் பேர் மட்டும்தான் வெட்டுவோம், இது இன்னாருடையது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். பரணில் இருக்கும் அவளுடைய சீர்ப் பாத்திரங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த மேசையில் இனி யார் வந்து உட்கார்ந்தாலும், இதற்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள், இன்றைக்கு ஏனோ வரவில்லை என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டுதான் தினமும் கடையைத் திறக்கிறேன்.