கால்வாய்ப் பாட்டில் எங்கள் வீட்டு கேட்

மலைக்கும் கடலுக்கும் வழி கேட்டு என்னுடைய இந்தப் பயணப் பக்கத்துக்கு வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த முறை நான் போனது வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் தூரம்தான். திருவேற்காட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம். இத்தனை வருஷம் ஊர் சுற்றியதில் இப்படி ஆடிப்போய்த் திரும்பியதில்லை.

யோசனை பாஷா பாய் கொடுத்தது. பூந்தமல்லிக்காரர், நான் தினமும் ஆபீஸ் போகிற ஆட்டோ அவருடையது. ஒருநாள் எஸ்டேட் கால்வாய்ப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தபோது சொன்னார். "இந்தக் கால்வாய்க்கு ஒரு கானா கீதும்மா. வெட்டுன நாள்லேர்ந்து அதோட கதைய பாட்டா கட்டி வெச்சிகீறாங்க. ஆடி மாசம் கூழ் ஊத்துறப்போ பாடுவாங்க." எனக்கு அது போதாதா? நாட்டுப்புறப் பாட்டு என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான்.

இந்த ஆடியில் மூன்றாவது ஞாயிறு, காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். அயனம்பாக்கம் வழியாக அரை மணி நேரம். காத்திருப்பும் சேர்த்துப் போக வர ஐந்நூறு ரூபாய். பேருந்தில் வருகிறவர்கள் எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கிப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து, அது முடிகிற இடத்தில் கால்வாய். கரையில் சின்னதாக ஓர் அம்மன் கோயில், அதையொட்டி நாற்பது ஐம்பது வீடுகள். நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அங்கே அண்டாவில் கூழ் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பாடியவர் பெயர் அஞ்சலை. நாற்பது வயதிருக்கும், எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் வேலை. தம்பி டேப் மேளம் அடித்தார், பக்கத்து வீட்டுக்காரர் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். ஒப்பாரி மாதிரி இருக்கும் என்று நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், சனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"வேல தர்றேன் வாய்க்கா வெட்டுன்னு சொன்னான்
வெட்டி முடிச்சதும் யார்ரா நீன்னான்"

என்று தொடங்கி, ஒவ்வொரு கம்பெனியும் வந்த கதை. பெயர் சொல்வதில்லை, கேட்டையும் புகைக்கூண்டையும் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிறது.

"திங்கக்கெழம நீலம் செவ்வாக்கெழம செவப்பு
பொதங்கெழம போனா மூக்குக்கே கசப்பு"

நான் ஃபோனில் பதிவு செய்தபடி மெய்மறந்து தலையாட்டினேன். நடுவே ஓரிடத்தில் அஞ்சலை வாயை மூடிக்கொண்டார். நாலு வரி நேரத்துக்கு வெறும் மேள அடி மட்டும். கூட்டமும் சத்தமில்லாமல் இருந்தது. பாவம், வரி மறந்துவிட்டது, எடிட்டிங்கில் வெட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வருஷத்துக்கு ஒரு பத்தி புதிதாகச் சேருமாம். கடைசியில் வருவது இந்த வருஷத்துப் பத்தி என்று பாஷா பாய் காதில் சொன்னார்.

"குதிர ரெண்டு காவ நிக்கும் கேட்டு
உள்ள குளிக்கிறான் நீச்சக் கொளம் போட்டு
காலக் கடன லாரியில ஏத்தி
போறான்யா எங்க ஊட்டு வாசலுல ஊத்தி"

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். பாதியில் கை நின்றுவிட்டது.

எங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் இரண்டு வெள்ளைக் குதிரைகள் நிற்கின்றன. உள்ளே நீச்சல் குளம் இருக்கிறது. பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, லாரி வந்து தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. பழைய லாரியைவிட இவன் மலிவு என்று அசோசியேஷன் குரூப்பில் கைதட்டும் பொம்மை போட்டவர்களில் நானும் உண்டு. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஓடவில்லை. பாட்டு முடிந்ததும் அஞ்சலையிடம் போய், அந்தக் குதிரை கேட் எங்களுடையதுதான் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தம்பி பைக்கில் லாரி பின்னாலேயே எங்கள் கேட் வரைக்கும் வந்து பார்த்ததாகச் சொன்னார். போன மழைக்கு அந்தக் கழிவு வீட்டுக்குள் ஏறியதையும், பிறகு அடிபம்பு தண்ணீரிலும் நாற்றம் வந்ததையும் சொன்னார். குரலில் கோபமே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எம்பொண்ணுக்கு மஞ்சக்காமாலை வந்துடுச்சும்மா. பிளஸ் டூ பரீட்ச எழுதல. மறுபடியும் படிச்சிகினு கீறா. இந்த மழைக்கும் ஊடு ரொம்புச்சின்னா என்னா பண்றது?"

என்ன செய்தால் அந்தப் பத்தியை எடுப்பீர்கள் என்று கேட்டுவைத்தேன். கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கூழை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"நடுவுல வாய மூடிகினேனே, பாத்தியா? அந்தக் கம்பெனிக்காரன் சுத்தம் பண்ற மிஷின் போட்டுட்டான். திருந்துனவனப் பாடக் கூடாது. ஆனா அடிய வுட மாட்டோம். அதையும் வுட்டா அவனுக்கு மறந்துடும்."

அத்தனை நீளப் பாட்டில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது.

அன்று மாலையே வீடியோவை குரூப்பில் போட்டேன். ஒருவர் செம பாட்டு என்றார். இன்னொருவர் எந்தப் படம் என்று கேட்டார். மூன்றாவது ஆள் குதிரையைக் கண்டுபிடித்த பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. வரும் ஞாயிறு கூட்டம் வைத்திருக்கிறார்கள். லாரிக்காரனை மாற்றச் சொல்லியும், கழிவுநீரை நாங்களே சுத்திகரிக்கச் சொல்லியும் கேட்கப்போகிறேன். மழைக்கு மூன்று மாதம்கூட இல்லை. நடக்குமா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆடி ஞாயிறு, பத்து மணிக்குள் போய்விடுங்கள். மூக்கைப் பொத்தாதீர்கள், கூழைக் குடியுங்கள். போவதற்கு முன் உங்கள் வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்று விசாரித்துவிடுங்கள். அடுத்த ஆடிக்குப் போகிறவர்கள் கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியைக் கவனித்துக் கேட்டு எனக்கு எழுதுங்கள். குதிரை என்ற சொல் காதில் விழுந்தால் நாங்கள் திருந்தவில்லை. வெறும் அடி மட்டும் கேட்டால், அஞ்சலைக்கு வரி மறந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.