தண்ணீர் கேட்காத செடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பாதி எழுதும்போதே எதைச் சொல்ல வந்தேன் என்பது மறந்துவிடும். ஓசூரில் எங்கள் நகரில் தோட்டம் வைத்திருக்கிற பெண்கள் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். ஆளுக்கொரு செடியைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று எதிர்வீட்டுப் பெண் வந்து கேட்டாள். நாலு பேர் முன்னால் எனக்கு வாயே வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றுதான் ஒத்துக்கொண்டேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் செடி நித்தியகல்யாணி. அதை வளர்க்க நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். வெயில் பட்டால் போதும். உரம் கேட்காது, பூச்சி அண்டாது, கசப்பு என்பதால் ஆடும் வாய் வைக்காது. வருஷம் பூராவும் இலை பச்சையாக இருக்கும், பூவும் இருக்கும். விதை தானே விழுந்து தானே முளைக்கும். தண்ணீர் மட்டும் அதிகம் ஊற்றக் கூடாது, வேர் அழுகிவிடும். புத்தகத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தச் செடிக்குத் தினம் தினம் தண்ணீர் ஊற்றிய ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நான் பிறந்த வீடு. முன்னால் முள்வேலி, பின்னால் துவைக்கிற கல். அப்பா மாந்தோப்புகளில் கூலி வேலை செய்தார். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கூடவே இருந்தாள். உப்புச்சாடி எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதுகூட அவள் சொல்தான். அம்மாவுக்குச் சூளகிரிக்கு அந்தாண்டை ஒரு கிராமம். சனம் ஒன்றுதான், ஆனால் அவர்கள் வீட்டில் பேச்சு கன்னடம். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா தமிழ்தான் பேசினாள். அதுவும் கொஞ்சமாகத்தான் பேசினாள்.

நான் மூன்றாவது படிக்கிறபோது அம்மாவைப் பெற்ற அவ்வா செத்துப்போனது. அவ்வாவை நான் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன், இரண்டு தரமும் எனக்குப் பொரிகடலை கொடுத்தது. அம்மா மட்டும் பஸ் ஏறிப் போய், புதைத்த இடத்தில் மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும், அங்கிருந்து எதையும் கொண்டு வரவும் கூடாது. அத்தை பின்பக்கம் அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். அம்மா குளிக்கிற நேரம் பார்த்து நான் துவைக்கிற கல்மேல் இருந்த பையைப் பிரித்தேன். உள்ளே ஈரத்துணி சுற்றி, பெரிய மண்கட்டியோடு ஒரு செடி இருந்தது. பொரி இல்லை. அவ்வாவுக்கு அழாதவள் அந்தப் பொரிக்கு அழுதேன்.

அத்தை செடியைப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பிடுங்கினேன் என்றாள் அம்மா. எனக்குத் திக்கென்றது. அந்த பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா சர்க்கார் செடியைத் திருடிவிட்டாள் என்றே நம்பினேன். அதன் பிறகு ரோட்டில் காக்கிச் சட்டை போனால் ஓடிப்போய்ச் செடியை மறைத்துக்கொண்டு நிற்பேன். தபால்காரருக்குக்கூட நின்றிருக்கிறேன்.

அத்தையின் கவலை வேறு. "ஏம்மே, இது சுடுகாட்டுல மொளைக்கிற பூவு. இத கொண்டாந்து வூட்டுல வெப்பியா?" என்றாள். எங்கள் ஊரில் இதைத்தான் சாமிக்கு வைப்போம் என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். "உங்கூரு சாமிக்கு எத வெச்சாலும் ஆவும்" என்று சொல்லிவிட்டு அத்தை போனாள். அம்மா செடியைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டாள். பூத்தது. ரோஸ் நிறம் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாளில் எங்கள் ஆட்டுக்குட்டி ஒன்று வயிறு உப்பிச் செத்தது. பழி செடிமேல் விழுந்தது. அதைப் பிடுங்கி எறியச் சொல்லி அத்தை அப்பாவை நச்சரித்தாள். அக்கா பேச்சையும் தட்ட முடியாமல், அம்மா முகத்தையும் பார்க்க முடியாமல் அவர் இரண்டு நாள் தோப்பிலேயே சாப்பிட்டார். கடைசியில் மண்வெட்டியை எடுத்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து முன்னால் நின்றாள்.

"வேலிக்கு அந்தாண்ட வெச்சிக்கிறேன். வூட்டுக்குள்ள வராது."

அவள் அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா செடியைப் பெயர்த்து, வேரில் இருந்த மண்ணை உதறப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். செடியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குழியில் உதிர்ந்த மண்ணைக் கை கையாக மடியில் அள்ளினாள். செடி போதாதென்று எங்கள் வீட்டு மண்ணையும் அள்ளுகிறாள் என்று அத்தை முணுமுணுத்தாள். அப்பா குந்தி உட்கார்ந்து அவரும் ஒரு கை அள்ளி அம்மா மடியில் போட்டார். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

வேலிக்கு வெளியே செடி நன்றாகத்தான் வந்தது. பொழுது சாய்ந்தால் அம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு போவாள். போலீஸ் பயத்தில் நானும் காவலுக்குப் போவேன். தண்ணீர் ஊற்றிவிட்டு அம்மா செடியைப் பார்த்து, "ஊட்டா ஆய்த்தா?" என்பாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். டீக்கடையில் நிற்கிற பெங்களூர் லாரிக்காரர்கள் கேட்டுக்கொள்வதால் அது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் வெகுநேரம் கன்னடத்தில் என்னென்னவோ பேசுவாள். அது எனக்குப் புரியாது. செடியிடம் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள் எங்கள் அம்மா என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன், எல்லோரும் சிரித்தோம்.

மாங்காய்க் காலம் முடிந்து மாமா, அம்மாவின் தம்பி, எங்களைப் பார்க்க வந்தார். எப்போதும் கோமாளித்தனம் செய்கிற மனுஷன். பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்குள் வராமல் வேலியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, செடிக்கு முன்னால் கை கட்டி நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அம்மா செம்போடு வந்ததும் அடிமண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இவ்ளோ ஊத்துனா அழுவிப் பூடும். இது தண்ணி கேக்காத செடி" என்றார்.

"தண்ணி ஊத்தலன்னா, நான் இன்னா சொல்லிக்கினு இங்க வந்து நிக்கிறது?" என்றாள் அம்மா.

நான் மாமாவின் பையில் பொரி தேடிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் தண்டு கறுத்துச் செடி சாய்ந்தது. போலீஸ் இனி வராது என்று எனக்கு நிம்மதி. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை, வயிற்றுவலி என்றாள். மறுநாளும் செம்போடு அங்கேதான் போய், வெறும் மண்ணில் ஊற்றிவிட்டு நின்றாள். செத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் பார் என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். மழை நின்றதும் அந்த இடத்திலேயே குட்டிக் குட்டியாகக் கன்றுகள் முளைத்தன. அத்தை ஒருநாள் குனிந்து பார்த்து, "ஒழியாது இது" என்றாள். ஆனால் பிடுங்கவில்லை.

அம்மா செத்த அன்றைக்குத்தான் மாமா என்னிடம் சொன்னார். பால் ஊற்றப் போன இடத்தில் பக்கத்துக் குழிமேட்டிலிருந்து செடியைப் பிடுங்கி, அவ்வாமேல் போட்ட புதுமண்ணை அதன் வேரில் அப்பித் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாளாம் அம்மா. அதைக் கேட்டபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மாமாவும் இப்போது இல்லை. ரோடு அகலமானபோது எங்கள் வேலியோரம் போய்விட்டது. அவ்வா ஊர்ப்பக்கமெல்லாம் கம்பெனிகள். என் மகன் அங்கேதான் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். கேட் ஓரம் வரிசையாக இந்தச் செடிதான் வைத்திருக்கிறார்களாம், யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று. அவனிடம் கேட்டு இரண்டு கன்று வாங்கி பெயிண்ட் டப்பாவில் வைத்திருக்கிறேன். தண்ணீர் அதிகம் ஊற்றுவதில்லை. சாயங்காலம் பக்கத்தில் போய் நின்றால், ஊட்டா ஆய்த்தா என்று கேட்க வருகிறது. அதற்கு மேல் அம்மா என்ன பேசினாள் என்பதுதான் எனக்குத் தெரியாது.

இதில் தேதி, இடமெல்லாம் குளறுபடியாக இருக்கும். சூளகிரிக்கு அந்தாண்டை, ஏரிக்கரையில் ஊர்ச்சனத்தைப் புதைத்த மேடு ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்து ஆள் யாராவது படித்தால் நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அங்கே பூத்தது ரோஸா, வெள்ளையா என்பதையும் சொல்லுங்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியாததால் இரண்டிலும் ஒவ்வொன்று வைத்திருக்கிறேன்.